மேசையின் தவறு

– இந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சிடுங்க மதிவதனி. சிம்பிள். பதினோரு மணிக்கு மதிப்பீட்டுக் கமிட்டி லைப்ரரிக்குள்ள வந்துடும்.

– இருங்க பகலவன் சார். கிழிக்கிறதுக்கு இது என்ன மளிகைச் சீட்டா? ரெஃபரன்ஸ் மேசைக்காக தினமும் காலையில நான் எழுதுற நோட்டு. நீங்க துணை நூலகரா வந்து எட்டு மாசம் ஆச்சு, ஒரு நாளாவது இதைப் புரட்டியிருக்கீங்களா?

– எதுக்கும்மா புரட்டணும்? அன்னன்னிக்கு நடக்குறதை ஸ்டாஃபுக்குச் சொல்ல வாட்ஸ்அப் குரூப் இருக்கு. ஒரு மெசேஜ், முடிஞ்சுது.

– குரூப்புல விடிஞ்சா ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும்தான் சார். விஷயம் அதுக்கு அடியில மாட்டிக்கிட்டு மூச்சுத் திணறும். இன்னிக்குப் பக்கத்தைக் கேளுங்க. "ரெண்டாவது ஸ்கேனர் மூடி உடைஞ்சிருக்கு, கையால அமுக்கிப் பிடிக்கணும். ஆய்வேட்டு அறைச் சாவி ஹஃப்ஸாகிட்ட. கண் தெரியாத பேராசிரியர் ரெண்டு மணிக்கு வருவாரு, அவரோட லேப்டாப்புக்காக பிளக் பக்கத்து நாற்காலியை வேற யாருக்கும் குடுக்காதீங்க." இதைப் படிக்காம எங்க ஆளு யாரும் மேசையில உக்கார மாட்டாங்க. பதினாறு வருஷம் சார். புயல் அடிச்ச வாரம் கரண்ட் இல்லாம, மெழுகுவர்த்தி வச்சு எழுதியிருக்கேன்.

– உங்க பெருமையெல்லாம் சரிம்மா. ஆகஸ்ட் நாலாந்தேதி என்ன எழுதியிருக்கீங்க? அதையும் வாய்விட்டுப் படிங்க.

– படிக்கிறேன், எனக்கென்ன பயம்? "மேசையின் தவறு. நீடாமங்கலம் பக்கத்துலேருந்து நேற்று வந்த காத்தாயி அம்மாவுக்கு, அவங்க கேட்ட அறுபத்தேழாம் வருஷத்து மாவட்ட கெஜட் நம்மகிட்ட இல்லைன்னு சொல்லிட்டோம். இருக்கு. கம்ப்யூட்டர்ல மட்டும் பார்த்திருக்கோம், கார்டு டிராயரைத் தொடல. ரெண்டையும் பார்க்காம 'இல்லை'ங்கிற வார்த்தை இனி இந்த மேசையில வரக் கூடாது."

– அதுவும் சிவப்பு இங்க்ல! கமிட்டித் தலைவர் கண்ணுல பட்டா என்ன ஆகும்? "வர்றவங்களுக்குத் தப்பா பதில் சொல்ற லைப்ரரி"ன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. நம்ம கிரேடு காலி.

– "தன் தப்பைத் தானே கண்டுபிடிச்ச லைப்ரரி"ன்னு எழுதினாலும் எழுதுவாரு.

– கமிட்டிங்க அப்படியெல்லாம் எழுதாது. சரி, ஒரு கெஜட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

– அவங்க தெருவுல யாராவது செத்தா சுடுகாட்டுக்கு வாய்க்கால் கரை ஒண்ணுதான் சார் வழி. புதுசா நிலம் வாங்கினவரு அதை முள்வேலி போட்டு அடைச்சிட்டாரு. நட்டு வச்ச வயல்ல, முழங்கால் சேத்துல, பாடையைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அது பொதுப் பாதைன்னு அந்த கெஜட்லதான் அச்சாகியிருக்கு. தாலுகா ஆபீஸ்ல விசாரணை அதுக்கடுத்த திங்கக்கிழமை இருந்துச்சு. நாம இல்லைன்னதும் அந்தம்மா ரெண்டு பஸ் மாறி ஊருக்குப் போயிட்டாங்க.

– அடக் கடவுளே. அப்புறம்?

– மறுநாள் காலையில, முந்தின நாள் மத்தியானம் மூணு மணின்னு போட்ட அந்தம்மாவோட கேள்விச் சீட்டு மேசையில கிடந்துச்சு. "இல்லை"ங்கிற கட்டத்துல டிக். எனக்குச் சுருக்குன்னுச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தாத பழசுக்கெல்லாம் விவரம் கார்டுலதானே இருக்கு. டிராயரை இழுத்தேன், மூணாவது கார்டு! ஞாயித்துக்கிழமை ஜெராக்ஸைக் கையில வச்சுக்கிட்டு நானே நீடாமங்கலம் பஸ் ஏறிட்டேன்.

– லீவு நாள்லயா?

– எங்கம்மாவும் அந்தப் பக்கம் நடவு நட்டவங்கதான் சார். நான் இவ்வளவு படிச்சு இந்த மேசையில உக்காந்து, எங்க சனத்துக்கே இல்லைன்னு சொல்லி அனுப்புறதுக்கா? போன வாரம் காத்தாயி அம்மா போன் பண்ணினாங்க. "வேலியைப் பிடுங்கிட்டாங்க தாயி, வழி தொறந்துடுச்சு"ன்னாங்க. போனை வச்சிட்டு அழுதுட்டேன். அதையும் எழுதியிருக்கேன், புரட்டிப் பாருங்க.

– சந்தோஷம்மா. நிஜமாவே சந்தோஷம். சரி, பக்கம் இருந்துட்டுப் போகட்டும். ஆனா தப்பா சொன்னது யாரு? அதைக் காணோமே. மேசையா வாயைத் தொறந்து பேசுச்சு?

– எங்க வழக்கம் அது. தப்பை எழுதணும், ஆளை எழுதக் கூடாது. பேரை எழுத ஆரம்பிச்சா அடுத்த தப்பை எல்லாரும் மூடி மறைச்சிடுவாங்க. என்னோட தப்பே இதுல ஏழெட்டு இருக்கு, எதுன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது.

– என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கமிட்டி கேக்கும். ஒருத்தருக்கு மெமோ குடுத்த காப்பி இருந்தாப் போதும், சிம்பிள். மூணு மாசத்துக்கு முன்னாடி விஷயம், எனக்கு நேத்து நடந்த மீட்டிங்கே ஞாபகம் இல்ல. ஆகஸ்ட் மூணு... ஆடிப்பெருக்கு. நீங்க லீவு, இல்லையா?

– ஆமா சார். குடும்பத்தோட திருவையாத்துப் படித்துறையில இருந்தேன்.

– அப்ப மேசையில ஹஃப்ஸா.

– வேணாம் சார்.

– கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துட்டு இல்லைன்னிருக்கும். இந்தக் காலத்துப் பொண்ணுக்குக் கார்டு டிராயரைப் பத்தி என்ன தெரியும்?

– ஹஃப்ஸாவுக்கா? கண்ணைக் கட்டி விட்டாலும் கார்டை உருவிடுவா. அந்த டிராயரையெல்லாம் குடோனுக்கு அனுப்புங்கன்னு நீங்க ஆளை வரவழைச்சப்ப, தூக்க விடாம குறுக்க நின்னதே அவதான்.

– பாசம் வேற, ஆபீஸ் வேற. டிசம்பர்ல அந்தப் பொண்ணோட காண்ட்ராக்ட் முடியுது, மெமோ இருந்தா புதுப்பிக்க மாட்டாங்க. எனக்கும் சங்கடம்தான், என்ன பண்றது? டைப் பண்றேன். "செல்வி ஹஃப்ஸா, ரெஃபரன்ஸ் உதவியாளர்..."

– அவ பேரை எடுத்துடுங்க சார். அந்த மெமோவை எனக்குக் குடுங்க.

– லீவுல இருந்தவங்களுக்கு மெமோ குடுத்தா கமிட்டி கைகொட்டிச் சிரிக்கும். அன்னிக்கு நாற்காலியில இருந்தவங்க யாருன்னு சொல்லுங்க, இல்லைன்னா அந்தப் பொண்ணு பேருதான் போகும்.

– பதினாறு வருஷத்துல இந்த மேசை யாரையும் காட்டிக் குடுத்ததில்ல. கடைசி வரைக்கும் குடுக்காதுன்னு நிமிர்ந்து நடந்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கு அதைக் கெடுத்துட்டீங்க.

– வாசல்ல கார் வந்துடுச்சு. சீக்கிரம், பேரு?

– அன்னிக்கு ஹஃப்ஸாவோட வாப்பா சவுதியிலேருந்து வந்து இறங்கினாரு. "நீ அதிராம்பட்டினம் பஸ்ஸைப் பிடிம்மா, மேசையை நான் பாத்துக்கறேன்"னு பத்தரை மணிக்கே அவளை அனுப்பி வச்சிட்டு, சாயந்திரம் வரைக்கும் இந்த நாற்காலியில உக்காந்திருந்தது நீங்கதான் சார்.