எட்டுக் கிரகம் கூடின அன்னைக்கு

டீ நல்லாருக்கு ஐயா. இஞ்சி கொஞ்சம் தூக்கல், அம்புட்டுத்தான்.

ஏழாயிரம்பண்ணையில எனக்குக் கரிசக் காடு இருக்கு. பக்கத்துலயே நல்லசிவம் அண்ணாச்சியோட வெடிக் கம்பெனி. எங்களுக்குள்ள வரப்புத் தகராறுகூட வந்ததில்லை.

இந்தத் தை அமாவாசைக்கு எட்டுக் கிரகமும் ஒண்ணாச் சேருது, உலகம் அழியப்போகுதுன்னு ஊரே நடுங்குச்சே, நீங்களும் கேட்டிருப்பீக. எனக்குப் பயமில்லை. உளுந்துல களை எடுத்துக்கிட்டு இருந்தப்போ, அதைத் தடுக்கத்தான் நான் பொறந்திருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. வெளிச்சம், அசரீரின்னு ஒண்ணும் இல்லை. தாகம் எடுத்தா நமக்கே தெரியுமில்ல, அப்படித்தான்.

எம் பொஞ்சாதி வள்ளித்தாய் விருதுநகர் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. "தன்னைப் பெரிசா நினைக்கிறதும் ஒரு வியாதிதான்"னு மாத்திரை குடுத்தாரு. நல்ல மனுசன். நானும் யோசிச்சுப் பாத்தேன். வியாதிக்காரன் பேருக்கும் புகழுக்கும் அலைவான். எனக்கு உலகம் பிழைச்சாப் போதும்.

அமாவாசையன்னைக்கு வேலை வைக்காதீகன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லப் போனேன். வேலைக்காரப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் நிக்கையில, "ஏலே சுந்தரபாண்டி, ஒன் கிணத்துல சொட்டுத் தண்ணியைக் காணோம். நீ ஒலகத்தைக் காப்பாத்தப் போறியாக்கும்?"னாரு. எல்லாரும் சிரிச்சாக. என்னைத் தேடி வந்த வள்ளித்தாயும் சிரிச்சா.

நான் கோவப்படலை. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பலி வேணும்னு அப்பத்தான் விளங்குச்சு.

பயமில்லைன்னு காட்டணுமே, அமாவாசையன்னைக்கு அண்ணாச்சி வேலை வச்சாரு. மத்தியானம் எல்லாரும் வெடி கட்டுற செட்டுல இருந்தாக. என்னை மறுபடி டாக்டர்கிட்டக் கொண்டுபோக ஒத்தாசை கேட்டு வள்ளித்தாயும் உள்ள போயிருந்தா. அவ குரல் எனக்குக் கேட்டுச்சு. வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். சன்னல் வழியாத் தீப்பந்தத்தை எறிஞ்சேன். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டாக.

உலகம் அழியலை, பாத்தீகளா. நீங்க இருக்கீக, உங்க பிள்ளைக இருக்கு. ஒருத்தரும் வந்து நன்றி சொல்லலை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பழி தீர்த்தியான்னு கேக்கீக. அதெல்லாம் அல்பத்தனம் இன்ஸ்பெக்டர் ஐயா. பொஞ்சாதியையாவது வெளிய கூப்பிட்டிருக்கலாமேன்னு கேக்கீக, அது நியாயமான கேள்வி. வாட்ச்மேன் பெத்தணனை வெத்தலை வாங்கிட்டு வாங்கன்னு முன்னாடியே அனுப்பிட்டேன். அவரு அன்னைக்குச் சிரிக்கலை. வள்ளித்தாயை எப்படி அனுப்ப முடியும்? முந்தானையை வாயில வச்சு மறைச்சா, ஆனா சிரிச்சது எனக்குத் தெரியும்ல.