ஆளில்லாத ரங்கூன்

அபாயச் சங்கு ஊதுகிறது. 1941. ரங்கூன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள். தெருவே வெளியே நின்று அண்ணாந்து பார்க்கிறது. நம்முடைய விமானம் என்று யாரோ கை தட்டுகிறார். முதல் குண்டு. காது அடைத்துப்போகிறது.

"ஓடுங்க! ஆத்துப் பக்கம் ஓடுங்க!" அப்பாவின் குரல்.

ஓடினோம். அக்கா செசிலி மட்டும் திரும்பி வீட்டுக்குள் போனாள். ஏனென்று தெரியாது. அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை. தெரு எரிந்தது. தீ எங்களைத் திரும்ப விடவில்லை. இந்தியாவுக்கு நடந்து வந்த அரக்கான் மலைப்பாதையில் அப்பாவும் தம்பியும் காலராவில் போனார்கள். அம்மாவும் நானும் திருச்சி வந்து சேர்ந்தோம்.

அக்காவை பர்மாவில் மோல்மீன் ஊரில் உயிரோடு பார்த்ததாகச் சொல்லி இரண்டு பேர் எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். அம்மா இருவரையும் நம்பினாள். நான் பர்மா என்று வாய் திறந்த எவரையும் நம்பவில்லை.

1958. பாலக்கரையில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை. சுவரில் ஓர் ஓவியம். எங்கள் ரங்கூன் தெரு! கூரை போன வீடுகள். சாய்ந்த விளக்குக் கம்பம். எல்லாம் சரி. ஆனால் ஓர் ஆள்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைந்தவர் கடைக்காரர் யூசுப் பாய்தானாம்.

"ஃபோட்டோவப் பாத்து வரைஞ்சீங்களா பாய்? அன்னைக்கு அந்தத் தெருவுல கால் வைக்க இடமில்ல. நான் அங்க இருந்தவ."

"நானும்தாம்மா. சாயங்காலம் மையித்து எடுக்கப் போனேன். எல்லாரையும் வரைஞ்சேன். பிணம் இருக்கற படத்த யாரு வீட்டுல மாட்டுவாங்க? மேல சாயம் பூசி மூடிட்டேன்."

நல்ல கதை என்று நினைத்தேன். என் வீட்டைக் காட்டவில்லை. பெயரும் சொல்லவில்லை.

"யார் யார மூடினீங்க? சொல்லுங்க."

விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார். ரிக்‌ஷாக்காரர். பால்காரர். எங்கள் வாசற்படியில் விரல் நின்றது.

"இங்க ஒரு வயசுப் பொண்ணு. நெஞ்சோட ஒரு பொம்மைய அணைச்சிருந்துச்சு. பொம்மைக்காகவா ஓடாம நின்னுச்சு? இன்னைக்கும் விளங்கலம்மா."

பொம்மை இல்லை. குழந்தை இயேசுவின் சிலை. கிறிஸ்துமஸ் இரவு வரை சுரூபத்தைக் குடிலில் வைக்க மாட்டோம். துணி சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருப்போம். அதை எடுக்கத்தான் போயிருக்கிறாள். இது எந்த ஏமாற்றுக்காரனுக்கும் தெரிந்திருக்க முடியாது. கடையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த ஆளு பொய் சொல்றான்டி. நீ ஏமாந்துட்டு வந்திருக்க."

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கணக்கு. என் கணக்கில் இறந்தவர் மூவர். அம்மாவின் கணக்கில் இருவர்.