இரண்டு நாற்பத்தொன்றுக்கு வந்த மடல்

கண்டி மஹய்யாவையில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூட எனக்குத் தெரியும் என்பார்கள். அது மிகை. என் யன்னலுக்கு மூன்று வீட்டுக் குக்கர்தான் கேட்கும். மற்றவர்களைப் பற்றி எனக்கு மின்னஞ்சலில்தான் தெரியவரும்.

பெயர் கோசலா. மாவட்டச் செயலகமான கச்சேரியில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்டியில் சொந்தமாகத் தொழில்நுட்பக் கம்பனி தொடங்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு வட்டம் இருக்கிறது. அதன் மின்னஞ்சல் பட்டியலை எட்டு வருடமாக நடத்தியது நான். நானூற்று முப்பது விலாசங்கள். கிழமைக்கு ஒரு மடல்: யாருக்கு ஆள் தேவை, எங்கே கூட்டம், எந்த வெளிநாட்டுக்காரர் வருகிறார். அடியில் நாலு வரி ஊர்ப்புதினம். யார் வான் வண்டி வாங்கினார், யாருடைய கனடா விசா திரும்பி வந்தது. எல்லாரும் அடியிலிருந்துதான் வாசித்தார்கள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வட்ஸ்அப் குழுவும் இருந்தது. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே அதில் எதைத் தேடுவது? இணையத்தில் கறுவா விற்கும் நஸீபுக்கு முதல் வெளிநாட்டு ஓடர் கிடைத்தது, மூன்று வருடத்துக்கு முன் நான் அனுப்பிய மடலை ஜேர்மனியில் ஒருவர் தோண்டி எடுத்ததால். மின்னஞ்சல் கிடக்கும். நாளும் நேரமும் போட்டுக்கொண்டு, யாராவது தேடும்வரை கிடக்கும்.

றமணன் எங்கள் வட்டத்துப் பிள்ளை. கெட்டிக்காரன், தலை மட்டும் சீவமாட்டான். மண்சரிவை முன்கூட்டி அறியும் பெட்டிகள் செய்தான். கடுகண்ணாவைப் பக்கம் பதினொரு வீடுகளுக்கு மேலே இருந்த சரிவில் கம்பம் நட்டு அவற்றைப் பொருத்தினான். மண் ஒரு விரலளவு அசைந்தாலும் பெட்டி மின்னஞ்சல் அனுப்பும். முதலில் அது நேரே வீட்டுக்காரருக்குத்தான் போனது. ஆறாம் கம்பத்தில் ஓர் ஆடு முதுகு சொறியப் பழகியது. ஒரே மாதத்தில் பதின்மூன்று தடவை சனம் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியது. பிறகு கம்பத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஆகவே வட்டம் கூடி ஓர் ஒழுங்கு செய்தது. மடல் எனக்கு மட்டும் வரும். நான் பார்த்து, வேண்டுமானால் அங்கே இருக்கும் சத்தியபாமாவுக்குப் போன் எடுப்பேன். அவர் கோயில் மணியை அடிப்பார்.

சத்தியபாமாவை எனக்குப் பிடிக்கும். எடுத்தவுடன் சிரிப்பார்.

"அம்மா, இன்னைக்கும் நம்ம ஆடுதாங்களா? அதுக்கும் ஒரு ஈமெயில் போட்டுக் குடுத்துருங்க. நேரா உங்களோடயே பேசிக்கட்டும்."

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, பேக்கரிக்கு மேலே இருக்கும் எங்கள் கூட்ட மண்டபத்தில் றமணன் எழுந்து பேசினான்.

"கோசலாக்கா இவ்வளவு நாளும் கஷ்டப்பட்டிட்டா. அடுத்த மாதத்திலயிருந்து எச்சரிக்கை நேரா சனத்தின்ர போனுக்கே போகும். ஆடு எது, மண் எது எண்டு பெட்டியே கண்டுபிடிக்கும். அஞ்சல் பட்டியலையும் மூடுவம். அக்கா இனி ஆறுதலா இருக்கட்டும்."

நஸீப் விடுவானா? "ஈமெயில் மவுத்தாகி எவ்வளவு காலம் அக்கா. நீங்க மட்டுந்தான் இன்னும் அடக்காம வெச்சிருக்கீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல பகிடிதான். ஒரு ரைஸ் குக்கர் பரிசு தந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் சத்தியபாமா அழைத்து, ஆட்டை விற்றுவிட்டதாகச் சொன்னார். "இனி மெயில் வந்தா நெசந்தாம்மா."

செவ்வாய் காலையிலிருந்து மழை. பிற்பகல் இரண்டு நாற்பத்தொன்றுக்கு மடல் வந்தது. ஆறாம் கம்பம், நான்கு சென்ரிமீற்றர். வாசித்தேன். ஆடு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் நினைத்தது இவ்வளவுதான். சிறிதாக ஒரு சரிவு, ஒரு கோழிக்கூடு போகுமளவுக்கு. அதன்பிறகு எல்லாரும் கேட்பார்கள்: மடல் வந்ததா? வந்தது, இதோ நேரம். பார்த்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அப்போது விளங்கும். பட்டியலை மூடமாட்டார்கள். இதில் தீங்கு எதையும் நான் காணவில்லை. தேநீர் ஊற்றினேன். மூன்று ஐந்துக்கு இரண்டாவது மடல் வந்தது. ஒன்பது சென்ரிமீற்றர்.

மூன்றேகாலுக்கு சத்தியபாமாவே அழைத்தார்.

"அம்மா, மழ நிக்கவே இல்லீங்க. மேல என்னமோ சத்தம் வேற கேக்குது. மெயில் ஏதும் வந்துச்சுங்களா?"

வந்தது என்றால், எத்தனை மணிக்கு என்று கேட்பார். அரை மணித்தியாலம் என்ன செய்தீர்கள் என்று பிறகு எல்லாரும் கேட்பார்கள். எட்டு வருடத்தில் ஒரு மடலையும் நான் பிந்தி அனுப்பியதில்லை.

"ஒண்டும் வரேல்லை," என்றேன். "பயப்பிடாதேங்கோ."

"சரிங்கம்மா. லதுஷாவுக்குக் காய்ச்சல், மழையில வெளிய கூட்டிட்டுப் போகவும் ஏலாது. அப்ப கஞ்சி வெக்கிறேன்."

அவருக்கு என்னிடம் அவ்வளவு நம்பிக்கை. மூன்று நாற்பதுக்கு மேடு இறங்கியது. நான்கு வீடுகள். சத்தியபாமாவும் மகள் லதுஷாவும் உட்பட ஐந்து பேர்.

செத்தவீட்டில் றமணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, ஒண்டுமே வரேல்லையோ?"

"இல்லைத் தம்பி."

பெட்டி பழுது என்று ஊர் பேசியது. அவனுடைய அலுவலகக் கண்ணாடியை உடைத்தார்கள். தாய்க்காரி கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். மற்றச் சரிவுகளில் நட்டிருந்த கம்பங்களை அவனே பிடுங்கிக் கொண்டுவந்து வீட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிறான். அவன் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டு, மூன்று கிழமையாக இடியப்பமும் சொதியும் கட்டி அனுப்புகிறேன். சாப்பாட்டுக் கரியர் திறக்காமலே திரும்பி வருகிறது. பாவம்.

இதையெல்லாம் நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைப் பழித்தால் அது அவன் பாடு.

ஆனால் இந்த மண்சரிவை விசாரிக்கும் உங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பிள்ளை என் தங்கையின் சிநேகிதி. சேற்றிலிருந்து எடுத்த பெட்டியைத் திறந்து பார்த்தீர்களாம். அது நேரத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறதாம். ஆகவே வழியில் மின்னஞ்சல் தாமதமாகி, உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்று அறிக்கை எழுதுகிறீர்களாம். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

மின்னஞ்சல் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. இரண்டு மடல்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், நேரத்தைப் பாருங்கள். வந்ததை வைத்துக்கொண்டு இருந்தது நான். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள். வீண்பழி பாவம்.