முப்பதாவது நாள்

சகலைக்கு,

கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. நான் முதல் தேதி காலையில், பல் துலக்கிய கையோடு மாற்றிவிடுவேன்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "கடைசிவரைக்கும் அவ அக்கா ஏன் ஒரு பதில்கூட போடல?" அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுவதே முறை.

நாங்கள் வீடு மாறிய புதிதில், என் மனைவியின் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாக ஓர் எச்சரிக்கை வந்தது. அதிலிருந்த எண்ணை அழைத்து, எவனோ சொன்ன மென்பொருளை இறக்கி, கணினியையே அவன் கையில் கொடுத்துவிட்டாள். அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்தபடி, "இனிமே நீங்க சொல்றதைத்தான் கேப்பேன்" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. அதுவரை, "ஆபீஸ்ல லெட்டர் எழுதறவருக்கு வீட்டுலயும் சுற்றறிக்கைதான்" என்று கேலி செய்வாள்.

இருவர் தொலைபேசி எண்களையும் மாற்றினேன். புது எண்ணையும் வீட்டு விலாசத்தையும் நான் சொல்லும்வரை யாருக்கும் தருவதில்லை, அவளாக யாரையும் அழைப்பதுமில்லை, மின்னஞ்சல்களை நான் பார்த்த பிறகே அவள் பார்ப்பது என்று ஏற்பாடு.

மூன்றாம் வாரம், தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'குண்டு, என் பழைய முகவரியை யாரோ திருடிட்டாங்க. உன் போனும் போகல. அவசரம்.'

"என் தங்கச்சிதாங்க. என்னைக் குண்டுன்னு அவ மட்டும்தான் கூப்பிடுவா."

"பழைய லெட்டரைப் படிச்சுட்டு எழுதறான். அவசரம்னு எவன் சொன்னாலும் நம்பாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

அன்று நானும் அதை நம்பினேன். அந்த முகவரியை ஸ்பேம் பெட்டிக்குத் திருப்பிவிட்டேன்.

இரண்டாவதில் உங்கள் மனைவி நோயைப் பற்றி எழுதியிருந்தாள். எலும்பு மஜ்ஜை வேண்டும், அக்காவுடையது பொருந்தலாம் என்றாள். சிறுவயதில் இருவரும் ஒரே சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பைப் பற்றியும் இருந்தது. அது எந்தப் பழைய கடிதத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். எழுதுவது அவளேதான் என்று தெரிந்துகொண்டேன்.

சொல்லியிருந்தால் என் மனைவி, "அப்பவே சொன்னேன்ல?" என்றிருப்பாள். பிறகு என் பேச்சை எதற்குக் கேட்கப்போகிறாள்?

மொத்தம் பதினொரு கடிதங்கள். ஒவ்வொன்றையும் படித்துத் தேதி குறித்துவைத்தேன். பத்தாவதில் இரண்டே சொற்கள்: 'குண்டு, கோவமா?' இப்போதெல்லாம் கணினியைத் திறக்கும்போது, திரை வெளிச்சம் வருவதற்கு முன்பே அது என் காதில் கேட்கிறது. அதே நேரம் பின்னால் என் மனைவி வந்து நின்று, "ஏதாவது வந்திருக்காங்க?" என்கிறாள். இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கும் என்பதை நான் முன்பு கவனித்ததில்லை.

பதினொன்றாவது, அவள் முகவரியிலிருந்தே நீங்கள் எழுதியது. தங்கை இறந்தது என் மனைவிக்குத் தெரியாது. நிம்மதியாக இருக்கிறாள்.

ஒன்றை மட்டும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. ஸ்பேம் பெட்டிக்குப் போனதை முப்பதாவது நாள் கணினி தானாகவே அழித்துவிடும். உங்கள் கடிதத்துக்கு நாளையோடு முப்பது நாள். அதிலும் நான் கைவைக்க மாட்டேன்.