உம்மாவை மௌத்தாக்கிய எபிசோட்

"உன்ட உம்மாவ மௌத்தாக்கினாத்தான் மச்சான் சிரிப்பு வரும்."

முந்தலில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் அமர்ந்த இருவரில், கொப்பியும் பேனையும் வைத்திருந்தவர் இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொலைக்காட்சிக்கு நகைச்சுவை நாடகம் எழுதுகிறார்களாம், இறால் கம்பனியில் வேலை செய்யும் இரண்டு கூட்டாளிகளைப் பற்றி. இவர்களும் அதே வேலைதான்.

"என்னடா கதை இது?"

"கேளு. ஒருத்தன் சொல்லாமக் கொள்ளாம வேலைக்கு வரல்ல. மெனேஜர் விசாரிக்கிறார். கூட்டாளி, அவன்ட உம்மா மௌத்து, பகல் லுஹர் தொழுகையோட அடக்கம் எண்டு சொல்லுறான். அவ்வளவு கெதியா அடக்கினா ஆபீஸ்ல ஒருத்தருக்கும் ஜனாஸாவுக்கு வரேலாதே. லீவும் சரி."

"அஸ்தக்பிருல்லாஹ்! எந்தக் கூட்டாளியாவது அப்பிடிச் சொல்லுவானா?"

கொப்பிக்காரர் பேனையை மூடினார்.

"போன வருஷம் நீ வேலைக்கு வராம கிரிக்கெட் பாக்க நிண்டாயே..."

மற்றவர் எழும்பியே விட்டார். "அதுக்கா மெனேஜர் என்னக் கட்டிப்புடிச்சு அழுதார்? அவருக்குத்தான் வீட்டுல ஏதோ பிரச்சினையாக்கும் எண்டு நான் முதுகத் தடவிவிட்டேனேடா!"

"உன்னக் காப்பாத்தத்தானே சொன்னன்."

மதுரங்குளி வந்தது. இறங்கும்போது மற்றவர் மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு மெனேஜர்ட மகள்ட கலியாணத்துக்கு என்ட உம்மாவும் வாறா. புது அபாயா தைச்சு வச்சிருக்கா."

கொப்பிக்காரர் கொப்பியைச் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.