உலகத்திலேயே ஒரே காப்பு

டீக்கு நன்றி சார். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் வாக்குமூலம் கொடுக்க வந்தவன், குறை சொல்லும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கவில்லை.

கீரப்பாளையம் புஷ்பவள்ளி, சுனாமியில் காணாமல் போன தன் கணவன் பக்கிரிக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டு, ஏழு வருஷம் பொறுத்திருந்து இப்போது மனுப் போட்டிருக்கிறார். அன்றைக்கு அவன் கடலூருக்குப் புறப்பட்டது கண்ணாயிரத்தைப் பார்க்க என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கண்ணாயிரம் நான்தான். பக்கிரி வரவேயில்லை என்று அப்போது அவரிடம் சொன்னேன். அது பொய்.

மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் கடை. ஊரில் பாதிக் கல்யாணக் குடங்களில் என் கையெழுத்து இருக்கிறது, எழுத்துப்பிழையோடு. 2004 தொடக்கத்தில் பிச்சாவரத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. கதைக்கு வேண்டிய ஒரு செம்பில் பெயர் வெட்ட என்னைக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது ஹீரோவின் கைக்காப்பு என் டிபன் பாக்ஸில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். திருடினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் யாளித் தலை. படத்தில் அது பரம்பரைத் தங்கம். கையில் எடுத்தால் முலாம் பூசிய பித்தளை.

படம் ஓடியது. முதுநகர் சார்லஸ், மருந்துக்கடையில் வேலை பார்த்த பையன், காப்பைத் தனக்கு விற்றுவிடச் சொல்லி ஒரு மாதம் நச்சரித்தான். எனக்கு அசலைக் கொடுக்க மனசில்லை, இல்லை என்று சொல்லவும் மனசில்லை. பித்தளைக் கம்பியை வளைத்து, அரத்தால் ராவி, முலாம் பூசி, ஒன்று செய்து அசல் என்று கொடுத்தேன். அடுத்து, ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் பக்கிரி. கல்யாணக் குடத்துக்குப் பெயர் வெட்ட வந்தவன், மாமா, மச்சான் என்று ஒட்டிக்கொண்டான். அவனுக்கும் ஓர் அசல் செய்தேன்.

இருவரிடமும் ஒரே வசனம்தான். "ஒலகத்துலயே ஒண்ணுதான். வெளிய காட்டாத, சினிமா கம்பெனிக்காரன் வந்துருவான்."

எனக்கே குழம்பிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் அரத்தால் கோடு இழுத்து வைப்பேன். சார்லஸுடையதில் ஒன்று, பக்கிரியுடையதில் இரண்டு. அசலில் கிடையாது. பொய் சொல்கிறவனுக்கு ஒழுங்கு முக்கியம் சார்.

அந்த டிசம்பரில் பக்கிரி போன் செய்தான். "மாமா, ஒங்க ஒரிஜினலு வேர்த்தா பச்சையா வுடுது. ஈரோவுக்கு வேர்க்கவே வேர்க்காதா?"

சிரித்துவிட்டேன். பிறகு பயந்தேன். கடையில் மூன்றாவது காப்பு புளித்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அவனை அங்கே வரவிட முடியாது. "ஞாயித்துக்கெழம காலைல தேவனாம்பட்டினம் பீச்சுல நில்லு மச்சான், எட்டரைக்கு வந்துர்றேன்" என்றேன். அது டிசம்பர் இருபத்தாறு.

ஒரிஜினல் ஏன் பச்சையாகும் என்பதற்குக் கண்ணாடி முன்னால் நின்று விளக்கம் ஒத்திகை பார்த்ததில் எனக்கு நேரமாகிவிட்டது. அதனால் உயிரோடு இருக்கிறேன். சார்லஸும் கூட்டாளிகளோடு அதே கரையில் பந்து விளையாடப் போயிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சார்லஸின் அம்மா ஆரோக்கியம்மாள் என்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். முகம் வைத்து யாரையும் சொல்லும்படி இல்லை. ஓர் உடலின் கையிலிருந்து கழற்றிய காப்பை எவர்சில்வர் தட்டில் வைத்திருந்தார்கள்.

"தம்பி, இது எம்புள்ளயோடது தானே? ஒலகத்துலயே ஒண்ணுதான்னு நீ தானே அவங்கிட்ட சொன்ன?"

போலீஸ்காரர், "கையில எடுத்து நல்லா பாத்து சொல்லுப்பா" என்றார்.

எடுத்தேன். பார்த்தேன். "ஆமாம்மா" என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நானும் ஒரு பிடி மண் போட்டேன். சிலுவைக்குப் பித்தளைத் தகடு வேண்டும் என்றார்கள். சார்லஸ் என்று வெட்டிக் கொடுத்தேன். அந்தத் தகட்டில் மட்டும் எழுத்துப்பிழை இல்லை.

ஐந்தாம் நாள் புஷ்பவள்ளி வந்தார். "அண்ணே, அவுரு ஒங்களப் பாக்க வந்தாரா?" நான் இல்லை என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனார். கல்லறை மண் அப்போது காயக்கூட இல்லை.

அதிலிருந்து கிறிஸ்துமஸ் தோறும் ஆரோக்கியம்மாள் எனக்கு ஒரு டப்பா கேக் அனுப்புகிறார். புஷ்பவள்ளி இன்னமும் பொட்டு வைத்திருக்கிறார். வைப்பதா அழிப்பதா என்று யாராலும் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

போன மாதம் மறுபடி கடைக்கு வந்தார். "அண்ணே, பொதைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அவுரு கையில கெடந்த காப்பு மாதிரி ஒண்ணு செஞ்சி குடுங்க. அத வெச்சாவது காரியம் பண்ணிட்றோம். அசல் மாதிரியே வேணும்னு இல்ல."

செய்தேன். வர்ற வெள்ளிக்கிழமை காரியம். வாழை இலையில் படுக்க வைத்து, மாலை போட்டு, அந்தப் பித்தளையைச் சுற்றி உட்கார்ந்து அழப்போகிறார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு கல்லறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல்.

ஒரு தாயின் அழுகையைப் பார்த்து மனசு இளகித்தான் தலையாட்டினேன் என்று ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். யாருடைய காப்பு என்று எனக்கு எப்படித் தெரியும், ஒருத்தருக்காவது நிம்மதி கிடைக்கட்டுமே என்று. 'இதேபோல இன்னொருவனுக்கும் விற்றேன்' என்று அந்தப் போலீஸ்காரர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

புஷ்பவள்ளியின் காப்பை ராவி முடித்ததும், பழக்க தோஷத்தில் கை தானாக உள்ளே கோடு இழுத்தது. இழுத்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், ஆமாம்மா என்று சொல்வதற்கு முன், தட்டிலிருந்த காப்பின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு கோடு இருந்தது.