எந்த அசையில் அழுத்துவது?

அவைக்குத் தலைமையேற்று அமைதியாய் வீற்றிருக்கும் ஐயா தர்மன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! மாட்டுக்குத் தீவனம் போட்ட கையோடு மறக்காமல் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! அயர்லாந்துக்குச் செவிலியராய்ப் பறக்கவிருக்கும் என் அருமைத் தங்கை பூவிழியே! உங்கள் மாதவராஜ் வணங்குகிறேன்.

வாழ்த்த வந்தேன், குழம்பி நிற்கிறேன்!

குறிலா நெடிலா என்று தெரிந்தால் போதும், தமிழ் தானாய் வாயில் வந்துவிடும். ஆங்கிலமோ, ஓர் அசையைத் தூக்கு, மற்றதை விழுங்கு என்கிறது! எதைத் தூக்குவது? எதை விழுங்குவது? ஹாஸ்பிடலுக்குத் தலையில் அழுத்தமாம். ஹோட்டலுக்கு வாலில் அழுத்தமாம். ஏனய்யா? போட்டோகிராஃப் என்றால் முதல் அசை. போட்டோகிராஃபர் என்றால் இரண்டாம் அசை. படம் பிடிப்பவர் வந்ததும் அழுத்தம் ஏன் நகர வேண்டும்? யாரப்பா அங்கே, "நகந்து நின்னாத்தானுங்க படம் நல்லா வரும்" என்பது? நீயாவது தெளிந்தாயே, நன்றாயிரு!

சிரிக்காதீர்கள். இந்த அசையால்தான் என் தங்கை அழுதாள். முதல் நேர்காணலில், கணினித் திரையில் வந்த அம்மையார் அவள் வாய் திறந்தபோதெல்லாம் "மறுபடி சொல்லுங்கள்" என்றார். படித்த படிப்பெல்லாம் இருந்தும் வாய்ப்பு போயிற்று.

ஏன் போயிற்று? எங்கள் வீடு, கொட்டை எடுக்கக் கட்டையால் புளி தட்டும் வீடு. அம்மா தீர்த்தம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, தானும் புளி தட்டிக்கொண்டேதான் ஆங்கிலம் பழகினாள் பூவிழி. கட்டை விழுவது ஒரே சீராய். அவள் நாக்கும் அதே சீரைப் பிடித்துக்கொண்டது! மெ, டி, சின்! டக், டக், டக்! எல்லா அசைக்கும் ஒரே அடி! பயிற்சி வகுப்பு ஜோஸ்பின் டீச்சர்தான் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொன்னார்: "அம்மா, பொண்ணு இங்கிலீசு பேசறப்ப நீங்க ரெண்டு பேருமே தட்டாதீங்க."

அன்றுமுதல் அவள் வாய் திறந்தால் அம்மாவின் கட்டை அந்தரத்தில் நின்றது. ஊரெல்லாம் புளியை மண்டிக்கு அனுப்பிய பிறகும் எங்கள் வீட்டில் குவிந்தே கிடந்தது. நான் கடிந்தேன். "புளி எங்கடா ஓடிடப் போவுது? நீ சொல்லு கண்ணு," என்று அவளைப் பார்த்தார் அம்மா. இரண்டாம் நேர்காணலில், திரையிலிருந்த அம்மையார் எதையும் மறுபடி கேட்கவில்லை. வென்றாள் பூவிழி! தட்டுங்கள் கையை, இப்போது தட்டலாம்!

ஆனால் அன்பர்களே, நாளை விமானம். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பூவிழி பெட்டியை மூடுகிறாள், திறக்கிறாள், மூடுகிறாள். வெற்றி வேண்டுமென்று வேண்டியவனும் நான். வந்த வெற்றியை வழியனுப்ப மனமின்றி நிற்பவனும் நான்! இது மகிழ்ச்சியா? துயரமா?

சரி, நம் தமிழில் 'போய் வா' என்று வாழ்த்தலாமென நினைத்தேன். அங்கேயும் வந்து குந்திக்கொண்டது குழப்பம்! 'போய்' என்பதை அழுத்தினால் துரத்துவதாய்ப் படுகிறது. 'வா' என்பதை அழுத்தினால் காலைக் கட்டுவதாய்ப் படுகிறது. எதை அழுத்துவேன்? சொல்லுங்கள் பெரியோரே! சொல்லுங்கள் தாய்மார்களே!

பெண்கள் பக்கம் எழுந்து நிற்பது யார்? அம்மாவா?

"போறத அவ பாத்துக்குவா. நீ வாவுல அழுத்துடா!"

கேட்டாயா பூவிழி? போய், வா! குழம்பியவனைப் பொறுத்தருளிய பொம்மிடிப் பெருமக்களுக்கு நன்றி. கண்ணைத் துடைத்துக்கொள்ள விடை கொடுங்கள். வணக்கம்!